படலை பூட்டியிருந்தாலும் வளவுக்குள் நடமாடலாம்

ஆசிரியருக்கு,

"நெட் இல்லை, அதனால்தான் கணினி அறை பூட்டிக் கிடக்கிறது." மாங்குளம், துணுக்காய், புதுக்குடியிருப்பு என்று வன்னியின் பாடசாலைகளிலும் வாசிகசாலைகளிலும் இதைக் கேட்கலாம். வலையமைப்பு வேலை செய்பவர்கள் என்ற முறையில் சொல்கிறோம்: வலையமைப்பு வேறு, இணையம் வேறு.

ஓர் அறையிலுள்ள இருபது கணினிகளையும் ஒரு பிரிண்டரையும் கேபிளால் சுவிட்ச் என்ற, பல துளைகளுள்ள ஒரு பெட்டியில் தொடுத்தாலே வலையமைப்பு ஆயிற்று. அது ஒரு வளவு. இணையம் வெளியே ஓடுகிற றோட்டு. நடுவில் நிற்கிற படலைதான் ரவுட்டர். டேட்டா முடிந்து படலை பூட்டிக்கொண்டாலும் வளவுக்குள் நடமாட்டம் நிற்காது. ஒரே பிரிண்டரை எல்லோரும் பாவிக்கலாம். ஆசிரியரின் கணினியிலுள்ள பயிற்சித்தாளை மாணவர் தங்கள் கணினியில் திறக்கலாம். 'கிவிக்ஸ்' என்ற இலவச மென்பொருளோடு தமிழ் விக்கிப்பீடியாவை ஒரு கணினியில் இறக்கி வைத்தால், மற்றக் கணினிகளின் பிரவுசரில் அதை வாசிக்கலாம். சாதாரண தரப் பரீட்சைக்கு வலையமைப்பின் நட்சத்திர வடிவம், வளைய வடிவம் என்று படம் கீறிப் பாடமாக்குகிற பிள்ளைக்கு, மூலையில் மினுங்குகிற சுவிட்சைத் தொட்டுக் காட்ட டேட்டா எதற்கு?

வளவுக்குள் ஒவ்வொரு கணினிக்கும் ஐபி என்ற முகவரி வேண்டும். உதாரணமாக, ரவுட்டர் 192.168.1.1 இல் இருந்துகொண்டு மற்றவற்றுக்கு 192.168.1.10, 192.168.1.11 என்று பங்கிட்டுக் கொடுக்கும். இந்தப் பங்கீட்டுக்குப் பெயர் டிஎச்சிபி. கூடவே வரும் 255.255.255.0 சொல்வது, முதல் மூன்று எண்களும் ஒன்றென்றால் ஒரே வளவு என்பதைத்தான். ரவுட்டரே இல்லாத அறையில் முகவரியைக் கையால் கொடுக்கலாம். ஒரே எண் இரண்டு கணினிக்கு விழக்கூடாது, அவ்வளவுதான்.

இது விளங்கினால் பழுது பார்ப்பது எளிது. விண்டோஸ் தேடல் பெட்டியில் சீ, எம், டீ என்ற மூன்று எழுத்தை அடித்தால் கறுப்புத் திரை வரும். அதில் 'ஐபிகன்ஃபிக்' (ipconfig) கட்டளையைக் கொடுங்கள். முகவரி 169.254 என்று தொடங்கினால் அந்தக் கணினிக்கு யாரும் முகவரி கொடுக்கவில்லை. கேபிளையும் சுவிட்சையும் பாருங்கள். சரியான முகவரி இருந்தால் 'பிங்' (ping) கட்டளையால் முதலில் ரவுட்டரின் முகவரியை, நம் உதாரணத்தில் 192.168.1.1 ஐ, கூப்பிடுங்கள். பதில் வந்தால் படலை வரை பாதை சரி. அடுத்து வெளியே இணையத்திலுள்ள கூகுளின் முகவரியான 8.8.8.8. அதுவும் பதில் சொல்லி, தளத்தின் பெயரை அடித்தால் மட்டும் வரவில்லையென்றால், பழுது பெயரை எண்ணாக்கும் டிஎன்எஸ்ஸில். படலை பதில் சொல்லி 8.8.8.8 சொல்லாதபோதுதான் டேட்டா மீதியைப் பார்க்க வேண்டும், கொம்பனிக்கு அழைக்க வேண்டும். நம்மவர் அழைப்பிலிருந்துதான் தொடங்குவார்கள்.

அதிகம் தலையிடி தருவது இரண்டாவது வைஃபை பெட்டி. அலுவலகத்துக்குச் சிக்னல் எட்டவில்லை என்று இன்னொரு ரவுட்டரை வாங்கி, பழைய ரவுட்டரிலிருந்து வரும் வயரை அதன் லான் (LAN) துளையில், அதாவது கணினிகளைத் தொடுக்கும் துளையில், செருகுவார்கள். இப்போது முகவரி பங்கிட இரண்டு பேர். இரண்டும் தங்களை 192.168.1.1 என்றே சொல்லிக்கொள்ளவும் கூடும். பாதிக் கணினிக்கு நெட் வரும், பாதிக்கு வராது. நாளைக்கு வேறு பாதி. புதியதை முதலில் தனியே ஒரு கணினியில் தொடுத்து, அதன் முகவரியை 192.168.1.2 ஆக்கி, டிஎச்சிபியை நிறுத்திவிட்டு, பிறகு லான் துளையில் செருகுங்கள். வெளி இணைப்புக்கான வான் (WAN) துளை வேண்டாம். இன்னொரு வில்லங்கம்: சும்மா தொங்கும் வயர் நுனியைக் கண்டு யாரோ அதைச் சுவிட்சில் செருகிவிடுவது. மறுநுனியும் அதே சுவிட்சில் இருந்தால் தகவல் வட்டமிட்டுச் சுற்றும். விளக்கெல்லாம் ஒன்றாகப் படபடத்து, அறை முழுவதும் முடங்கும்.

கேபிள் வாங்கும்போது ஒரு கம்பியை பிளேட்டால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். மலிவுதான், ஆனால் நாலு தரம் வளைத்தால் முறியும். நுனியில் எட்டுக் கம்பியையும் அடுக்கும் நிறவரிசை இது: வெள்ளைச் செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை மண்ணிறம், மண்ணிறம். இரண்டு நுனியிலும் ஒரே வரிசைதானே என்று சோடி சோடியாக அடுக்கினால், டெஸ்டரில் எட்டு விளக்கும் எரியும், வேலை மட்டும் தடுமாறும். மூன்றாவது கம்பியும் ஆறாவதும் ஒன்றோடொன்று முறுக்கிய சோடியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்துச் சோடியின் சிக்னல் இதற்குள் இறங்கும். நுனியில் முறுக்கை 13 மில்லிமீற்றருக்கு மேல் பிரிக்க வேண்டாம். நீளம் 100 மீற்றருக்குள் நிற்கட்டும்.

வன்னிப் பாடசாலைகளில் கட்டடங்கள் தள்ளித் தள்ளி நிற்கின்றன. ஒன்றிலிருந்து மற்றதற்குச் செம்புக் கேபிளை மரத்தில் கட்டி இழுப்பதைப் போல ஆபத்து வேறில்லை. அணிலும் குரங்கும் ஒருபுறம் இருக்கட்டும். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடி விழும்போது, அருகில் விழுந்த மின்னலே அந்தக் கேபிளில் மின்னழுத்தத்தைத் தூண்டி இரு பக்கச் சுவிட்சையும் சுட்டுவிடும். கட்டடத்துக்குக் கட்டடம் ஃபைபர் போடுங்கள். இரு முனையிலும் ஃபைபரைச் சாதாரண கேபிளோடு இணைக்கும் ஒவ்வொரு மீடியா கொன்வேர்ட்டர் போதும். ஃபைபர் கண்ணாடி இழை, மின்சாரம் கடத்தாது. ஆனால் அதைத் தாங்கிவரும் இரும்புக் கம்பி கடத்தும். அதைச் சுவருக்கு வெளியிலேயே வெட்டி நிறுத்த வேண்டும். அறையைப் பூட்டும்போது பிளக்கை மட்டும் கழற்றினால் காணாது, வெளியிலிருந்து வரும் நெட் வயரையும் கழற்றுங்கள். இடி தொடங்கிய பிறகு அதைத் தொடவே வேண்டாம்.

வைஃபை பற்றி ஒரு சொல். தகரம் சிக்னலை மறிக்கும். 5 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசை வேகமானது, தூரம் போகாது, 2.4 இன்னும் கொஞ்சம் தூரம் போகும். டேட்டா மாயமாய்க் கரைகிறதென்றால் மாணவரை ஏசமுன் விண்டோஸ் அப்டேட்டைப் பாருங்கள். ஒவ்வொரு கணினியிலும் அந்த இணைப்பை 'மீட்டர்ட்' (metered), அதாவது அளவோடு பாவிக்க வேண்டியது, என்று குறித்துவிட்டால் அது பெரும்பாலும் அடங்கும்.

கடைசியாக, ரவுட்டரின் கடவுச்சொல். பொறுப்பாசிரியர் இடமாற்றம் பெற்றுப் போனால் அதுவும் அவரோடு போய்விடுகிறது. பிறகு வருபவர் பின்னாலுள்ள சிறு துளையில் ஊசியால் பத்து விநாடி அழுத்தி எல்லாவற்றையும் அழிப்பார். கொம்பனி போட்டுத் தந்த அமைப்புகளும் சேர்ந்து அழியும். கடவுச்சொல், ரவுட்டரின் முகவரி, எந்த வயர் எந்தக் கணினிக்கு என்ற படம், மூன்றையும் ஒரு தாளில் எழுதி அதிபரின் அலுமாரியில் வையுங்கள்.

இப்படிக்கு,
கணினி வலையமைப்புப் பணியாளர் சிலர்,
கிளிநொச்சி.