தாத்தா சொன்னதாக நான் சொன்னது

அன்புள்ள ராசாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். போனில் சொன்னால் போதாதா, கடுதாசி எதற்கு என்று அம்மா கேட்கிறாள். போனில் நான் என்றைக்கு ரெண்டு வார்த்தைக்கு மேல் பேசியிருக்கிறேன்? "சாப்பிட்டியா, இந்தா அம்மாட்ட பேசு" என்று கொடுத்துவிடுவேன். அதனால்தான் இது.

முதல் தேதி நீ அனுப்பிய பணம் வந்துவிட்டது. இனிமேல் அனுப்ப வேண்டாம். எங்கள் ரெண்டு பேருக்கும் பென்ஷன் தாராளம், மாடி வாடகையும் வருகிறது. வேறு காரணம் ஒன்றும் இல்லை, சும்மாதான் சொல்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு. போன செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு அம்மா கூப்பிட்டபோது பின்னால் குக்கர் விசில் கேட்டதாம். ஆபீஸ் நேரத்தில் குக்கரா என்று என்னைக் கேட்டாள். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவர்கள் இப்போது நிறைய என்று சொல்லி வைத்தேன்.

ரிட்டயர் ஆனதிலிருந்து எனக்கு நூலகமே கதி, உனக்குத் தெரியும். நாவல் விட்டுப்போய்விட்டது. பட்டவர்கள் தாங்கள் பட்டதைத் தாங்களே எழுதியதுதான் இப்போது மனசுக்கு ஒட்டுகிறது. அதிலும் 'கஷ்டப்பட்டேன், ஜெயித்தேன், நீயும் ஜெயிக்கலாம்' வகை வேண்டாம். கடைசி அத்தியாயத்தில் மாலையும் கழுத்துமாக நிற்கிற ஆளோடு எனக்குப் பேச்சில்லை. பாமாவின் 'கருக்கு' அப்படி முடியாது. பார்த்த வேலையை விட்டுவிட்டுக் கன்னியர் மடத்தில் சேர்ந்தவர், ஏழு வருஷம் கழித்து அதையும் விட்டு வெளியே வந்து, இனி என்ன என்று தெரியாமல் நின்ற காலத்தில் எழுதியது. 1992இல் வந்தது. கையில் வேலை இல்லை என்பதை அவர் மறைக்கவில்லை. அதில் மறைக்க என்ன இருக்கிறது? யாருக்கும் வருவதுதானே. சரி, அதை விடு.

இந்த மாதம் எடுத்தது விக்டர் ஃபிராங்கல். வியன்னாக்காரர், மனநல மருத்துவர். ஆஷ்விட்ஸ் உட்பட ஹிட்லர் ஆட்கள் நடத்திய நாலு வதைமுகாம்களில் கிடந்தவர். அப்பா, அம்மா, சகோதரன், மனைவி என்று பறிகொடுத்துவிட்டு வந்து, 1945இல் ஒன்பதே நாளில் சொல்லி எழுதவைத்த புத்தகம். பெயர்கூட வேண்டாம், 119104 என்ற தன் கைதி எண்ணை மட்டும் போட்டால் போதும் என்றுதான் முதலில் நினைத்திருக்கிறார். அதில் ஓர் இடம். ஒரு அறைக்குள் வாயுவை விட்டால், அறை பெரிதோ சிறிதோ, மூலை முடுக்கெல்லாம் பரவி நிறைந்துவிடும். மனுஷனுக்குள் துன்பம் நிறைவதும் அப்படித்தான், அது சின்னதா பெரிதா என்பது அங்கே கணக்கில்லை என்கிறார். அந்தப் பக்கத்தில் பஸ் டிக்கெட்டைச் செருகி மூடினவன் ரெண்டு நாளாகத் திறக்கவில்லை. 'நான் பட்டதற்கு முன்னால் உன்னுடையதெல்லாம் ஒரு கஷ்டமா' என்று கேட்க அந்த மனுஷருக்கு முழு உரிமை உண்டு. அவர் கேட்கவில்லை. நான் கேட்டேன்.

உனக்கு மறந்திருக்காது. காலேஜ் முதல் வருஷம் தீபாவளிக்கு வந்தவன், மூணாம் நாள் அடுப்படி வாசலில் நின்று "ஹாஸ்டல்ல இருக்க முடியலப்பா" என்றாய். சட்டையின் மேல் பித்தானைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தாய். என்ன நடந்தது, யார் என்ன செய்தார்கள் என்று நான் கேட்கவில்லை. பர்மாக் கதையை எடுத்தேன். 1941 டிசம்பரில் ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்டது, பதினேழு வயசில் தாத்தா காடும் மலையுமாக மணிப்பூர் வரை நடந்தது, வழியில் காலரா கண்டு கிடந்தவர்களைத் தாண்டித் தாண்டி வந்தது, உப்பில்லாமல் அரிசியைப் பொங்கித் தின்றது. "உனக்கு மூணு வேளைச் சோறு, தலைக்கு மேல ஃபேன், என்ன முடியல?" என்றேன். அன்று ராத்திரியே பஸ் ஏற்றிவிட்டேன்.

ராசா, தாத்தா அதில் ஒரு வரிகூட என்னிடம் சொன்னதில்லை.

எழுத்தாளர் வெ. சாமிநாத சர்மாவும் அவர் மனைவியும் அந்தக் குண்டுவீச்சுக்கு அப்புறம் 1942இல் ரங்கூனைவிட்டு நடந்து வந்தார்கள். 'எனது பர்மா வழிநடைப் பயணம்' என்று அவர் எழுதி வைத்திருக்கிறார். அங்கே இங்கே அப்படிப் படித்ததைத் தாத்தா தலையில் கட்டி உன்னிடம் சொன்னேன். உப்பில்லாத அரிசி நானாகச் சேர்த்தது. தாத்தாவைப் பற்றி நிஜமாகத் தெரிந்தது ரெண்டே ரெண்டு. தம்பியோடு கிளம்பினார், தனியாக வந்து சேர்ந்தார். இது அப்பத்தா சொன்னது. மற்றது நான் பார்த்தது. தலைமாட்டில் சொம்பு நிறையத் தண்ணீர் வைத்து, அதன் வாயை உள்ளங்கையால் மூடியபடிதான் தூங்குவார். யாராவது நகர்த்திவிட்டால் தூக்கத்திலேயே கை தரையைத் தடவும். பக்கத்தில் படுத்திருந்து எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். ஏன்ப்பா என்று அவர் சாகும்வரை கேட்கவில்லை. கேட்டு அவர் அழுதுவிட்டால் நான் என்ன செய்வது என்ற பயம்.

புத்தகத்தில் வருகிறவர்களுக்காக நான் கண்ணைத் துடைத்தால் அம்மா கேலி செய்வாள். அது சுலபம்தான். அவர்கள் யாரும் என் அடுப்படி வாசலில் வந்து நிற்கப்போவதில்லை.

நாலு வருஷத்தையும் ஒரு அரியர் இல்லாமல் முடித்தாய். எல்லாம் என் கண்டிப்பு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டேன். உன்னிடமும் தப்பு இருக்கிறது. பொங்கலுக்கு வந்து மூணு நாளும் தூங்கிவிட்டுப் போனாய், பெரியப்பா வீட்டை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவர் இன்னும் சொல்லிக் காட்டுகிறார். பெல்ட்டில் புதுசாக ஓட்டை போட்டிருந்தாய், அதையும் பார்த்தேன். நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. அப்புறம், ஃபிராங்கலை இன்னும் பதினைந்து நாளைக்கு நீட்டி வாங்கியிருக்கிறேன். மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல் அம்மா தூங்குவாள். அப்போது கூப்பிட்டால் நான்தான் எடுப்பேன். யாரிடமும் கொடுக்க மாட்டேன்.

அப்பா