டெமோவுக்காகப் பாடிய குரல்

அன்பு மகளுக்கு,

போன வாரம் பேசும்போது, "பாட்டையெல்லாம் விட்டாச்சும்மா, சாதகம் இல்லாம வாயைத் திறக்கவே கூச்சமா இருக்கு" என்றாய். போனில் உடனே பதில் சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

டைட்டானிக் பாட்டு உனக்கு மனப்பாடம். அதைப் பாடிய செலின் டியோன் பிறந்தது, நீ இப்போது இருக்கிற மான்ட்ரியலுக்குப் பக்கத்து ஊரான சார்லமேனில். 14 பிள்ளைகளில் கடைக்குட்டி. 12 வயதில் அவர் பாடிய முதல் பாட்டை எழுதியதில் அவருடைய அம்மாவுக்கும் பங்கு உண்டு. அதைப் படித்ததிலிருந்து அந்த அம்மாவை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

டைட்டானிக்கில் அந்தப் பாட்டு வராமலே போயிருக்கும், தெரியுமா? படம் முடிகிற இடத்தில் பாட்டு வருவதில் இயக்குநர் ஜேம்ஸ் கேமரூனுக்கு விருப்பமில்லை. இசையமைப்பாளர் ஜேம்ஸ் ஹார்னர் அவரிடம் மூச்சுவிடாமல், வில் ஜென்னிங்ஸிடம் வரிகள் வாங்கி, மெட்டைச் செலினிடம் கொண்டுபோனார். செலினுக்கும் முதலில் அது பிடிக்கவில்லை. கணவர் ரெனே ஆஞ்செலில்தான், டெமோ, அதாவது ஒரு மாதிரிப் பதிவு மட்டும் பாடிக் கொடு என்று சம்மதிக்க வைத்தார். பாடிக் கொடுத்தார். கேமரூன் நல்ல மனநிலையில் இருக்கிற நாளாகப் பார்த்து ஹார்னர் அதைப் போட்டுக் காட்டினார். அப்புறம் வாத்தியங்களை எல்லாம் விரிவாகச் சேர்த்தார்கள். குரல் மட்டும் டெமோவில் பாடியதேதான். 1998-இல் ஆஸ்கர் வாங்கிய பாட்டில் ஊரெல்லாம் கேட்டது அந்தக் குரலைத்தான்.

இதை மனதில் வைத்துக்கொண்டு இன்னொரு முறை கேள். அந்தச் சின்னக் குழல் ஓய்ந்ததும், பக்கத்தில் தூங்குகிறவர் விழித்துவிடக் கூடாதே என்பதுபோல் அவ்வளவு மெதுவாக ஆரம்பிக்கிறார். கடைசியில் சுருதி ஏறி உச்சத்தில் நிற்கிற இடத்தைத்தான் எல்லோரும் சிலாகிப்பார்கள். எனக்கு அந்த ஆரம்பம் போதும். யாருக்கும் எதையும் காட்ட வேண்டும் என்ற எண்ணமே அதில் இல்லை.

2022-இல், தசைகள் விறைத்து இறுகிப்போகும் அரிய நரம்பு நோய் தனக்கு இருப்பதாக அவரே சொன்னார். குரலையும் அது விட்டுவைக்கவில்லை. 2024 ஜூலையில், பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க நாளில், ஈபிள் கோபுரத்தில் நின்று, பழைய பிரெஞ்சுப் பாடகி எடித் பியாஃபின் காதல் பாட்டைப் பாடினார். மழை பெய்துகொண்டிருந்தது. நானும் அப்பாவும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம்.

உனக்குச் சாதகம் விட்டுப்போயிருக்கலாம். குரல் எங்கேயும் போய்விடவில்லை. எனக்கு ஒரு பாட்டு அனுப்பு. கீர்த்தனை எல்லாம் வேண்டாம். மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது முணுமுணுப்பாயே, அதில் ஏதாவது ஒன்று. போனில் ஒரே தடவை பாடி, திருப்பிக் கேட்காமல் அப்படியே அனுப்பிவிடு. உனக்கு ராத்திரிச் சாப்பாடு முடிகிற நேரத்தில் நான் இங்கே காலைக் காப்பி போட்டுக்கொண்டிருப்பேன். அப்பாவையும் எழுப்பி உட்கார வைக்கிறேன்.

அன்புடன்,
அம்மா