சாலைத் திட்டங்களில் எண்ணெய்க் கணக்கும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பினாங்குத் தீவில் ஒரு சந்திப்பின் சமிக்ஞை விளக்கு நேரம் மாற்றப்பட்டாலும், ஒரு சாலை அகலப்படுத்தப்பட்டாலும், பொதுமக்களிடம் முதலில் சொல்லப்படுவது எத்தனை நிமிடம் மிச்சமாகும் என்பதே. அதனால் எரியும் எண்ணெய் கூடுமா குறையுமா, சாலையோர அடுக்குமாடிகளில் வசிப்போர் சுவாசிக்கும் புகை என்ன ஆகும் என்பவை அறிவிப்புகளில் அரிதாகவே இடம்பெறுகின்றன.

நேரம் குறைந்தால் எண்ணெயும் குறையும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் அது எப்போதும் உண்மையன்று. சுமார் 1,200 கிலோ எடையுள்ள ஒரு கார், நின்ற நிலையிலிருந்து மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தை எட்டுவதற்கான ஆற்றலுக்கு மட்டும் ஏறத்தாழ 20 மில்லிலிட்டர் பெட்ரோலைச் செலவிடுகிறது. அதே கார் சிவப்பு விளக்கில் இயந்திரத்தை அணைக்காமல் ஒன்றரை நிமிடம் நின்றால்தான் அந்த அளவு தீரும். ஆகவே, காத்திருக்கும் விநாடிகளைக் குறைத்துவிட்டு நிற்கும் தடவைகளைக் கூட்டும் விளக்கு நேரம், காகிதத்தில் வெற்றியாகவும் எண்ணெய்த் தொட்டியில் நட்டமாகவும் முடியலாம். 1958ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் ஆய்வாளர் வெப்ஸ்டர் விளக்கு நேரங்களுக்காக வகுத்த புகழ்பெற்ற சூத்திரம் தாமதத்தைக் குறைப்பதையே இலக்காகக் கொண்டது. அடுத்த பத்தாண்டிலேயே பிரிட்டனில் உருவான டிரான்சிட் என்னும் கணினி முறை, தாமதத்தோடு வண்டிகள் நிற்கும் தடவைகளையும் ஒரு பாதகமாக எடைபோட்டுக் கணக்கிட்டது. இது ஒன்றும் புதிய அறிவு அன்று. (நிற்கும் தடவைகளைக் குறைக்க விளக்குச் சுற்றை நீட்டிக்கொண்டே போனால், சாலையைக் கடக்க நிற்கும் முதியவர்தாம் வெயிலில் வாடுவார், அதையும் எடைபோட வேண்டும்.)

எரியும் எண்ணெயையும் வெளியாகும் புகையையும் கணிக்கும் முறையிலும் கவனம் தேவை. ஐரோப்பாவின் கோபர்ட் போன்ற முறைகள் பெரும்பாலும் சராசரி வேகத்தைக் கொண்டு உமிழ்வை (வெளியாகும் புகையை) கணிக்கின்றன. ஒரு நாட்டின் மொத்த ஆண்டுக் கணக்குக்கு அது போதும். ஆனால், சீராக 30 கிலோமீட்டர் வேகத்தில் சென்ற காரையும், ஏறி இறங்கி நின்று நின்று அதே சராசரியை எட்டிய காரையும் அதனால் சரியாகப் பிரித்தறிய இயலாது. பாயா தெருபோங் போன்ற மேட்டுச் சாலையில் இந்தக் குறை இன்னும் பெரிதாகும். அமெரிக்காவின் மூவ்ஸ் போன்ற கணிப்பு முறைகள் விநாடிக்கு விநாடி வேகம், முடுக்கம், சாலைச் சரிவு ஆகியவற்றிலிருந்து இயந்திரத்தின் மீதான சுமையை மதிப்பிடுவதால், ஒரு சந்திப்பை ஆராய அவையே பொருத்தம்.

ஆயினும் அவற்றை அப்படியே இறக்குமதி செய்யக் கூடாது. விளக்கு மாறுமுன் வரிசைகளுக்கிடையே நுழைந்து முன்னே வந்து குவியும் கப்சாய் எனப்படும் நம் சிறிய மோட்டார் சைக்கிள்களை அந்நாடுகளின் சாலைகள் அறியா. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளியாகும் என்பது எங்கும் ஒன்றே. நைட்ரஜன் ஆக்சைடும் நுண்துகளும் அப்படியல்ல, அவை வண்டியின் வயதையும் பராமரிப்பையும் பொறுத்தவை. 2021 ஏப்ரல் முதல் நம் நாட்டில் டீசல் யூரோ 5 தரத்துக்கு உயர்ந்தது உண்மைதான். ஆனால் எண்ணெயின் தரம் உயர்ந்ததால் பழைய லாரியின் இயந்திரம் புதிதாகிவிடாது.

எனவே, மேம்பாட்டுத் திட்டங்களுக்கான போக்குவரத்துத் தாக்க மதிப்பீட்டு அறிக்கைகளில், தாமதத்துக்கும் சாலை எவ்வளவு தடையின்றி ஓடுகிறது என்பதைக் காட்டும் ஏ முதல் எஃப் வரையிலான சேவைத் தரத்துக்கும் பக்கத்திலேயே எரிபொருள், உமிழ்வு மதிப்பீட்டையும், அதற்கு எடுத்துக்கொண்ட அனுமானங்களையும் சேர்க்குமாறு மாநகர் மன்றம் கேட்க வேண்டும். அகலமான சாலை புதிய வண்டிகளையும் வரவழைக்கும் என்பதை அந்த அனுமானங்கள் மறைக்கக் கூடாது. தொடக்கமாக, கிரீன் லேன் வழித்தடத்தில் விளக்கு நேரங்களை மாற்றுவதற்கு முன்னும் பின்னும் கார், மோட்டார் சைக்கிள், பேருந்து, லாரி ஆகியவற்றில் கருவி பொருத்தி எரிபொருளையும் புகையையும் அளந்து, கணிப்பும் அளவீடும் எவ்வளவு தூரம் ஒத்துப்போயின என்பதை வெளியிடலாம்.

இப்படிக்கு,
வாசகர், ஜெலுத்தோங், பினாங்கு