எங்கள் ஸ்லூஸ் பெட்டிக்குக் கை கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

பெட்டி இப்போது நன்றாக வேலை செய்கிறது. அதிலிருந்து வெளியேறும் கழிவு மணலை எடுத்துத் தட்டில் அரித்துப் பார்த்தால் கண்ணுக்குத் தெரிகிற பொன் எதுவும் தட்டுப்படுவதில்லை. வீட்டில் செய்த ஸ்லூஸ் பெட்டிக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் கிடையாது. இதில் என் உழைப்பு பாதிதான், மீதி உங்களுடையது. யார் என்ன சொன்னீர்கள், அதனால் பெட்டியில் எது மாறியது என்று விவரமாக எழுதினால்தான் நன்றி சொன்ன நிறைவு எனக்கு வரும்.

விஷயம் தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். ஸ்லூஸ் பெட்டி என்பது இரண்டு முனையும் திறந்த, நீளமான, ஆழமில்லாத தொட்டி. ஓடும் தண்ணீரில் சாய்வாக வைத்து மேல் முனையில் ஆற்று மணலைப் போட்டால், மணலையும் கல்லையும் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடும். பொன் மட்டும் அடியில் இருக்கும் குறுக்குச் சட்டங்களுக்குப் பின்னால் தங்கிவிடும். பொன் தண்ணீரைவிட 19 மடங்கு கனம். மணலில் பெரும்பகுதியான குவார்ட்ஸ் இரண்டரை மடங்குக்குக் கொஞ்சம் மேல். மேக்னடைட் என்ற இரும்புத் தாது கலந்த கருமணல் ஐந்து மடங்கு. மொத்த வேலையும் இந்த வித்தியாசத்தை நம்பித்தான் நடக்கிறது.

முதல் நன்றி, தட்டில் அரிக்கக் கற்றுக்கொடுத்த பெரியவருக்கு. ஐயா, பெட்டி செய்ய ஆசை என்று நான் வந்து நின்றபோது நீங்கள் பெட்டியைப் பற்றிப் பேசவே இல்லை. "முதல்ல தட்டு பழகு. பெட்டிக்குள்ள என்ன நிக்குதுன்னு எல்லாரும்தான் பார்ப்பாங்க. நீ வெளிய போறதைப் பாரு" என்றீர்கள். பெட்டியில் செய்த ஒவ்வொரு மாற்றமும் இந்த ஒரு பேச்சிலிருந்துதான் வந்தது. உள்ளே கொஞ்சம் பொன் நின்றிருந்தால் மனசு நிறைந்துவிடும். எவ்வளவு போய்விட்டது என்பதைக் கழிவு மணல் மட்டும்தான் சொல்லும்.

ஈயக் குண்டுச் சோதனையும் நீங்கள் சொன்னதுதான். சின்ன ஈயக் குண்டுகளைச் சுத்தியலால் தட்டையாக்கி, எண்ணிக்கை தெரிந்து மணலில் கலந்து பெட்டியில் ஓடவிட வேண்டும். பிறகு எத்தனை பெட்டியில் நின்றன, எந்தச் சட்டத்தில் நின்றன என்று எண்ண வேண்டும். ஈயம் தண்ணீரைவிடப் பதினொரு மடங்குதான் கனம். அதையே பிடித்து நிறுத்துகிற பெட்டி, அதே அளவும் வடிவமும் உள்ள பொன்னை விடாது. பெரும்பகுதி முதல் மூன்றில் ஒரு பாகத்திலேயே நின்றுவிட்டால் பெட்டி சரி. கடைசிச் சட்டம் வரை சிதறிக் கிடந்தால் ஓட்டம் அதிகம் என்று அர்த்தம். ஓட்டிய குண்டுகளைப் பொறுக்கி எடுத்துவிட வேண்டும், ஆற்றில் விடக் கூடாது, ஈயம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் எதையும் வாயில் வைக்கக் கூடாது என்று ஒவ்வொரு முறையும் நினைவூட்டினீர்களே, அதற்கும் சேர்த்து நன்றி.

அடுத்து வெல்டிங் பட்டறை அண்ணன். அண்ணா, என் பெட்டியில் முதலில் இருந்தவை நேரான மரச்சட்டங்கள். நீங்கள் அதை ஒருமுறை பார்த்துவிட்டு, அலுமினியத் தகட்டில் ஹங்கேரியன் ரிஃபிள் என்ற வகைக் குறுக்குச் சட்டங்கள் செய்து தருகிறேன் என்றீர்கள். சட்டத்தின் மேல் விளிம்பு, தண்ணீர் போகும் திசையைப் பார்த்து மடங்கியிருக்கும். தண்ணீர் அதைத் தாண்டி விழும்போது பின்னால் ஒரு சுழல் உண்டாகிறது. லேசான மணலை அந்தச் சுழல் தூக்கி எறிந்துவிடும், கனமானது அடியில் உட்கார்ந்துகொள்ளும். நீங்கள் ஒவ்வொரு மடிப்பையும் கட்டை விரலால் தடவிப் பார்த்து, ஒன்று மட்டும் மற்றதைவிட ஒரு நூல் உயரமாக இருக்கிறது என்று பிரித்து எடுத்து மறுபடி மடித்தீர்கள். எனக்கு அந்த வித்தியாசம் கண்ணில் படவே இல்லை. தண்ணீருக்குத் தெரிந்திருக்கும். ஒரு சட்டம் உயர்ந்து நின்றால் அதன் பின்னால் மணல் இறுகி, அந்த இடம் பொன் பிடிக்கிற வேலையையே நிறுத்திவிடும்.

சட்டங்களை ஒரே சட்டகமாக இணைத்து, கையாலேயே திருகிக் கழற்றக்கூடிய நட்டுகள் வைத்துத் தந்ததும் அண்ணன்தான். அதனால் சட்டங்களுக்கு அடியில் இருக்கும் விரிப்பை வெளியே எடுப்பது நிமிட வேலையாகிவிட்டது. மேல் முனையில் சட்டமே இல்லாமல் ஒரு சாண் நீளத்துக்கு வழவழப்பான தகடு விட்டதன் பலனையும் சொல்ல வேண்டும். மணல் அங்கே பரவி, கனமானது கீழும் லேசானது மேலுமாகப் பிரிந்த பிறகுதான் முதல் சட்டத்தை அடைகிறது.

இயற்பியல் ஆசிரியை அம்மாவுக்கு என்ன சொல்வது! நீங்கள் ரசமட்டத்தோடு ஓடைக்கே வந்தீர்கள். ஒரு அடி நீளத்துக்கு ஒரு அங்குலம் வாட்டம் என்று ஆரம்பிக்கச் சொன்னீர்கள். "இது ஆரம்பம்தான், முடிவு இல்லை" என்றும் சொன்னீர்கள். அதன் பிறகு அளவுகோலை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு சட்டத்தின் பின்னால் இருக்கும் மணலையே வெகுநேரம் பார்க்க வைத்தீர்கள். சட்டத்தின் பின்பக்கம் பாதிவரை மணல் நிற்க வேண்டும், நிற்கிற மணல் அசைந்துகொண்டே இருக்க வேண்டும். விளிம்பு வரை நிரம்பிச் சலனமில்லாமல் கிடந்தால் மேல் முனையைக் கொஞ்சம் உயர்த்த வேண்டும், அல்லது இன்னும் கொஞ்சம் தண்ணீரைத் திருப்பிவிட வேண்டும். தகடு தெரியும் அளவுக்கு வெறிச்சோடி இருந்தால் இறக்க வேண்டும். அன்று நான் பார்த்த காட்சி மறக்காது. கருமணல் மெல்லிய வளைவாகச் சட்டத்தை ஒட்டிப் படிந்து, இடைவிடாமல் நடுங்கிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே வெள்ளை மணல் சுழன்று சுழன்று வெளியேறியது. ஒரு கூழாங்கல்லை எடுத்துக் கீழ் முனைக்கு அடியில் நீங்கள் சொருகியதும் வாட்டம் குறைந்து நடுக்கம் தணிந்தது, எடுத்ததும் மறுபடி வந்தது.

பெட்டி குறுக்குவாக்கில் துல்லியமாக மட்டமாக இருக்க வேண்டும் என்பதும் உங்கள் பாடம்தான். இல்லாவிட்டால் தண்ணீர் ஒரு ஓரமாக ஓடும், மறு ஓரம் மணலால் அடைத்துக்கொள்ளும்.

தையல் அக்காவுக்குத் தனியாக ஒரு கும்பிடு. சட்டங்களுக்கு அடியில் போடும் விரிப்புதான் பொடிப்பொன்னை உண்மையில் பிடிப்பது. சுருள் சுருளாக இருக்கும் வினைல் விரிப்பை அளவெடுத்து வெட்டி, பிரிந்து வராமல் ஓரத்தை மடித்துத் தைத்துக் கொடுத்தீர்கள். பக்கச் சுவரில் ஒரு மயிரிழைகூட இடைவெளி விடவில்லை. விரிப்புக்கும் மேலே அழுத்தும் சாய்சதுரக் கண்கள் உள்ள உலோக வலைக்கும் நடுவே சந்து இருந்தால் தண்ணீர் அடியில் புகுந்து, பிடித்த பொன்னையும் அரித்துக்கொண்டு போய்விடும் என்று நான் சொன்னதுதான் தாமதம், நாலு மூலையிலும் இழுத்துக் கட்டப் பட்டைகள் வைத்துவிட்டீர்கள். இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. கொல்கிஸ் பகுதியின் மலைவாசிகள் மலையாறுகளில் வரும் பொன்னைத் துளையிட்ட தொட்டிகளாலும் ரோமம் அடர்ந்த ஆட்டுத்தோலாலும் பிடிப்பதாகச் சொல்கிறார்கள் என்று 2000 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்கப் புவியியல் அறிஞர் ஸ்ட்ராபோ எழுதி வைத்திருக்கிறார். இன்றைய ஜார்ஜியாவின் மேற்குப் பகுதி அது. அந்தத் தோலின் வேலையைத்தான் அக்கா தைத்த விரிப்பு செய்கிறது.

மேல் முனைக்கு வரி வரியான கறுப்பு ரப்பர் போடலாம் என்ற யோசனை அக்காவின் மகளுடையது. பொன் விழுந்தால் கறுப்பில் உடனே தெரியும் என்றாள். அப்படியே தெரிகிறது. மண் எடுக்கும் இடம் சரியா என்று அறிய இப்போது விரிப்பைக் கழற்ற வேண்டியதே இல்லை. கண்ணு, உனக்கும் நன்றி.

களிமண் விஷயத்தில் கை கொடுத்த தம்பியை மறந்தால் அநியாயம். அவன் செங்கல் வேலை தெரிந்தவன், களிமண்ணின் குணம் அத்துப்படி. பெட்டியில் உருளும் களிமண் உருண்டை, வழியில் நின்றிருக்கும் பொன் துகளையெல்லாம் ஒட்டிக்கொண்டு வெளியே போய்விடும் என்று காட்டினான். கழிவில் விழுந்த உருண்டை ஒன்றை எடுத்துத் தட்டில் கரைத்தான். அதில் மூன்று துகள் மின்னின. இப்போது மண் முழுவதையும் வாளியில் ஊறவைத்து, கையால் பிசைந்து கரைத்து, அரை அங்குலச் சல்லடையில் சலித்த பிறகுதான் பெட்டிக்குப் போகிறது. பெரிய கல்லை நகர்த்த வேண்டியதில்லை என்பதால் ஓட்டத்தையும் குறைக்க முடிந்தது, பொடிப்பொன் நிற்கத் தொடங்கியது. அப்புறம், மண்வெட்டியால் மொத்தமாகக் கொட்டாமல் சின்னக் கரண்டியால் சீராகப் போட வேண்டும் என்பதும் அவன் கண்டிப்பு.

ஆய்வகத்தில் வேலை பார்க்கும் தோழிக்கு நான் பட்டிருக்கும் கடன் பெரியது. விரிப்பைக் கழுவியபோது கிடைத்த துகள்களில் சில வெள்ளி பூசியதுபோல் இருந்தன. பழைய காலத்தில் பொன்னைச் சேர்க்கப் பாதரசம் பயன்படுத்திய ஆறுகளில் இப்படிக் கிடைக்கும் என்று உடனே அடையாளம் சொன்னீர்கள். எக்காரணம் கொண்டும் அடுப்பில் சூடாக்காதே, அந்த ஆவி மூச்சில் போனால் நரம்பையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்றீர்கள். மூடிய கண்ணாடிக் குப்பியில் தண்ணீருக்கு அடியில் வைத்து, அபாயக் கழிவைக் கையாளுபவர்களிடம் சேர்க்கும் வழியையும் காட்டினீர்கள். பாதரசத்தைக் கட்டுப்படுத்த 2013-ல் மினமாட்டா உடன்படிக்கையே ஏற்பட்டிருக்கிறது, அதில் சிறு அளவுப் பொன் எடுப்புக்குத் தனிப் பிரிவு உண்டு என்பதையும் உங்களிடம்தான் தெரிந்துகொண்டேன். இந்த வேலையில் இறங்குகிற எல்லோரும் முதல் நாளே கேட்க வேண்டிய விஷயம் இது.

தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு விட்டால், தட்டில் மிதக்கிற மெல்லிய பொன் துகள் முங்கிவிடும் என்றதும் இதே தோழிதான். காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கருமணலை எடுப்பதும், பையை உருவியதும் மணல் தானாக விழுவதும் அவர் வீட்டு மேசையில் பழகியது. அந்த மணலை மறுபடி ஒருமுறை அரிக்கச் சொல்வார். கருமணல் கொத்தாக ஒட்டும்போது நடுவில் பொன் சிக்கிக்கொள்ளும் என்பது அவர் கணக்கு. சிக்கத்தான் செய்கிறது.

எங்கே தோண்டலாம், எங்கே கூடாது, தட்டுக்கு அனுமதி இருக்கிற இடத்தில் பெட்டிக்கும் இருக்கிறதா என்று பொறுமையாக விதிகளை எடுத்துக் காட்டிய அலுவலருக்கு நன்றி. கரையைச் சிதைக்காமல் இருக்கவும், தோண்டிய குழியை அன்றன்றே மூடவும் கூட வந்து உழைத்த நண்பர்களுக்கு நன்றி. ஈர மணல் வாளிகளை வீட்டு வாசலில் பொறுத்துக்கொண்ட என் வீட்டாருக்கும் நன்றி.

இந்தப் பெட்டியின் அளவுத்தாளை முழுதாக வரைந்துவிட்டேன். சட்டங்களின் உயரம், இடைவெளி, மடிப்பின் சாய்வு, விரிப்பின் அளவு எல்லாம் அதில் இருக்கிறது. செய்ய விரும்புகிறவர்கள் கேட்டால் தருகிறேன், பணம் எதுவும் வேண்டாம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பக்கத்தில் அது யார் யோசனை என்று எழுத இடம் விட்டிருக்கிறேன். உங்கள் பெயரைப் போடலாமா, வேண்டாமா என்று எனக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ஓடை வற்றும் காலத்துக்காக, தொட்டித் தண்ணீரை 12 வோல்ட் பம்ப் வைத்துத் திரும்பத் திரும்பச் சுற்றவிடும் சின்னப் பெட்டி ஒன்றை அடுத்துச் செய்யப் போகிறேன். அண்ணா, அதற்கான தகடு வாங்கி வைத்துவிட்டேன். உங்களுக்குத் தோதான நாளைச் சொல்லுங்கள், எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வருகிறேன்.

மிகுந்த அன்புடனும் நன்றியுடனும்,
உங்களில் ஒருவன்