பலகையில் வந்த எண்ணும் இனி வரப்போகும் எண்ணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இதழில் ஒரு வாசகர், ரூலெட்டில் (சுழலும் சக்கரத்தில் பந்து எந்த எண்ணில், எந்த நிறத்தில் விழும் என்று பந்தயம் கட்டும் சூதாட்டம்) சிவப்பு அல்லது கறுப்பில் கட்டுவது ‘சரிபாதி ஆட்டம்’ என்று எழுதியிருந்தார். கறுப்பு ஐந்து முறை தொடர்ந்து விழுந்தால் சிவப்பில் கட்ட வேண்டுமாம். தோற்கத் தோற்கப் பந்தயப் பணத்தை இரட்டிப்பாக்கிக்கொண்டே போனால் நட்டமே வராதாம். படித்த பிறகு இரண்டு நாளாக எனக்கு மனசு ஆறவில்லை. 2010ல் சிங்கப்பூரில் இரண்டு சூதாட்டக்கூடங்கள் திறந்தன. அதற்கு அடுத்த ஆண்டு வேலைக்குச் சேர்ந்து, ஒன்பது ஆண்டுகள் ரூலெட் மேசைக்குப் பின்னால் நின்று பந்தைச் சுழற்றியவள் நான். யாரையும் விளையாடச் சொல்லி இதை எழுதவில்லை. தப்பான கணக்கை நம்பி ஒருவரும் உள்ளே போகக் கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

மேசை விரிப்பில் 1 முதல் 36 வரை, வரிசைக்கு மூன்றாகப் பன்னிரண்டு வரிசைகள். தலைமாட்டில் பச்சைக் கட்டத்தில் 0. சிப்ஸை, அதாவது பணத்துக்குப் பதிலான வில்லைகளை, எங்கே வைக்கிறோம் என்பதுதான் பந்தயம். 17ன் கட்டத்துக்கு நடுவில் வைத்தால் 17 மட்டும். 17க்கும் 18க்கும் இடைப்பட்ட கோட்டின் மேல் வைத்தால் இரண்டு எண். நான்கு கட்டங்கள் கூடும் மூலையில் வைத்தால் 17, 18, 20, 21 நான்கும் உங்களுடையவை. வரிசையின் ஓரக்கோட்டில் வைத்தால் மூன்று எண். இரண்டு வரிசைகள் சேரும் ஓரத்தில் வைத்தால் ஆறு. வெளிக்கட்டங்களில் டஜன், நெடுவரிசை என்றால் பன்னிரண்டு எண்கள்; சிவப்பு, கறுப்பு, ஒற்றை, இரட்டை, 1-18, 19-36 என்றால் பதினெட்டு.

எதற்கு எவ்வளவு கிடைக்கும் என்று பயிற்சியில் எங்களை மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். எனக்குத் தலையில் ஏறவில்லை. பிறகு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். 36ஐ, கட்டிய எண்களின் எண்ணிக்கையால் வகுத்து, ஒன்றைக் கழித்தால் போதும். ஒரே எண் என்றால், கட்டிய பணம் போக 35 மடங்கு, இரண்டுக்கு 17, மூன்றுக்கு 11, நான்குக்கு 8, ஆறுக்கு 5, பன்னிரண்டுக்கு 2, பதினெட்டுக்கு 1. ஒரு வாரம் கழித்துத்தான் இன்னொன்று உறைத்தது. கணக்குத் தீர்ப்பது 36 வைத்து. சக்கரத்தில் இருப்பதோ 37 பள்ளம்! 37 எண்களிலும் ஒவ்வொரு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வைத்துப் பாருங்கள். எது விழுந்தாலும் கைக்கு வருவது 36 வெள்ளிதான். அந்த ஒரு வெள்ளிதான் கூடத்தின் வருமானம், 2.7 விழுக்காடு. ‘இந்தப் பந்தயம் பத்திரம், அது ஆபத்து’ என்று மேசையைச் சுற்றி நின்று பேசிக்கொள்வார்கள். கூடம் பிடித்துக்கொள்ளும் பங்கு எல்லாவற்றிலும் ஒன்றுதான்.

அமெரிக்கச் சக்கரம் இன்னும் மோசம். 0 போக 00 என்று இன்னொரு பச்சைப் பள்ளம் இருப்பதால் 38 வைத்து 36 வாங்குகிறீர்கள், பங்கு 5.26 ஆகிவிடும். அதிலேயே 0, 00, 1, 2, 3 ஐந்தையும் சேர்த்துக் கட்டினால் 6 மடங்குதான் தருவார்கள், அங்கே 7.89. பிரெஞ்சு முறையில் 0 விழுந்தால் சிவப்பு, கறுப்பு போன்ற பந்தயங்களுக்குப் பாதிப் பணம் திரும்பும் என்பதால் அவற்றுக்கு 1.35. ஆக, சரிபாதி எங்குமே இல்லை. எங்கள் சக்கரத்தில் 18 சிவப்பு, 18 கறுப்பு, ஒரு பச்சை. சிவப்பில் கட்டியவருக்கு எதிராக எப்போதும் 19.

இனி அந்த ஒளிப்பலகை. ஒவ்வொரு மேசையருகிலும் கடைசியாக விழுந்த எண்களைக் காட்டிக்கொண்டு நிற்கும். அறுபதைத் தாண்டிய ஒருவர் வாரம் தவறாமல் என் மேசைக்கு வருவார். என்னைத் ‘தங்கச்சி’ என்பார். சின்ன நோட்டுப்புத்தகத்தில் பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டே இருப்பார். “ஆறு கறுப்பு வந்தாச்சு தங்கச்சி, இனி சிவப்பு வந்துதானே ஆகணும்?” என்று கேட்பார். ஆட வருபவருக்கு யோசனை சொல்லக் கூடாது என்பது வேலை விதி. வாய் மூடி நிற்பேன். பந்துக்கு நினைவு கிடையாது, ஐயா. ஏழாவது சுற்றிலும் சிவப்புக்கு 37ல் 18தான். 1913 ஆகஸ்ட் 18 அன்று மொனாக்கோ நாட்டின் மோன்டி கார்லோ சூதாட்டக்கூடத்தில் கறுப்பு தொடர்ந்து 26 முறை விழுந்தது. ‘இனி சிவப்புதான்’ என்று குவித்தவர்கள் பெரும் பணத்தை இழந்தார்கள்.

இரட்டிப்பு முறையையும் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 25 வெள்ளியில் தொடங்கினால் 50, 100, 200, 400, 800, 1600. ஏழு முறை தோற்றால் 3,175 வெள்ளி போயிருக்கும். எட்டாவதுக்கு 3,200 வைக்க வேண்டும். கையில் இருந்தாலும் ஒரு கட்டத்துக்கு மேல் மேசையின் உச்ச வரம்பு விடாது. அத்தனையும் எதற்கு? இடையில் ஒருமுறை ஜெயித்தால் கிடைக்கும் 25 வெள்ளிக்கு. ஏழு தொடர் தோல்வி, இப்படித் தொடங்கும் நூறு முறையில் சுமார் ஒரு முறை வரும். ஒரு மாலையில் முப்பது, நாற்பது முறை தொடங்குகிறவரை நான் பார்த்திருக்கிறேன். அந்த நூறு நெடுந்தூரத்தில் இல்லை.

நுழைவுத் தீர்வை பற்றியும் ஒரு வார்த்தை. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் நாளுக்கு 100 வெள்ளியாக இருந்தது 2019ல் 150 ஆனது. அது நல்லதென்றே நினைக்கிறேன். பலரை வாசலிலேயே திருப்பியிருக்கிறது. ஆனால் உள்ளே வந்துவிட்டவர் “அந்த 150ஐயாவது எடுத்துட்டுப் போறேன்” என்று உட்கார்ந்து, விடியும்வரை எழாமல் இருந்ததையும் கண்டிருக்கிறேன். வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், குடும்பத்தாரே விண்ணப்பித்து அவர் உள்ளே நுழையத் தடையாணை வாங்கலாம். நம் வீடுகளில் வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்று பயந்து கேட்காமலே இருந்துவிடுகிறோம். அந்த நோட்டுப்புத்தக ஐயாவின் மனைவியோ பிள்ளைகளோ கேட்டிருக்கக் கூடாதா என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

அதிகாரிகளுக்கு என் கோரிக்கை ஒன்றே. அந்தப் பலகையை எடுக்கச் சொல்லுங்கள். முடியாதென்றால், ‘முன்பு விழுந்த எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் தொடர்பில்லை’ என்ற வரியை அதே எழுத்தளவில், தமிழ் உட்பட நான்கு மொழிகளிலும் அதன் மேல் போடச் செய்யுங்கள். உங்கள் இதழுக்கும் ஒரு வேண்டுகோள்: வரும் ஞாயிறன்று சரியான கணக்கை வெளியிடுங்கள். மேசை விரிப்பை வரைந்து இத்துடன் இணைத்திருக்கிறேன். கறுப்பு வெள்ளையில் அச்சிடாமல், 0 கட்டத்துக்குப் பச்சை வண்ணம் தெரியும்படி போடுங்கள்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
ஈசூன்