தறிகள் நின்ற மாதத்தில் கதவு திறந்தவர்களுக்கு

சோமனூர், கருமத்தம்பட்டி பக்கத்துத் தறிக்காரர்களுக்கும், என் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்தவர்களுக்கும் வணக்கம்.

பி.ஏ. முடித்துவிட்டேன். பட்டம் வாங்கிய அன்று நன்றி சொல்ல வேண்டியவர்களில் பாதிப் பேர் அங்கே இல்லை. அதனால்தான் இந்த மடல்.

2022 ஜனவரியில் கூலிக்காகக் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் விசைத்தறிகள் நின்றபோது நான் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடோனில் எட்டு சாதா தறி. பாவும் ஊடு நூலும் ஜவுளி உற்பத்தியாளர் கொடுப்பார்; நெய்து கொடுத்து மீட்டர் கணக்கில் கூலி வாங்குவோம். "பேசின கூலி வரலைன்னா வேற இடத்துல நூல் வாங்கலாமில்லீங்கப்பா?" என்று கேட்டேன். "வேற யாருகிட்டக் கண்ணு போறது?" என்றார். அந்தப் பதிலுக்குப் பொருளாதாரத்தில் ஒரு பெயர் இருப்பது மூன்றாம் ஆண்டில்தான் தெரிந்தது.

எங்களுடையது சிறிய கிறிஸ்தவப் பல்கலைக்கழகம். வகுப்பில் பதினோரு பேர்தான். தமிழ் வழியில் படித்துவிட்டுப் போன எனக்கு முதல் செமஸ்டரில் நுண்ணினப் பொருளியல் அரியர். வகைக்கெழு என்றாலே கை நடுங்கும். துறைத்தலைவர் மேடம் மாலையில் உட்காரவைத்து, "இன்னும் ஒரு மீட்டர் நெய்ய உங்க அப்பாவுக்கு எவ்வளவு கூடுதலா ஆகும்?" என்று கேட்டார். சொன்னேன். "அதுதான் இறுதிநிலைச் செலவு. இப்ப கணக்கைப் போடு." அறுபது பேர் வகுப்பில் இருந்திருந்தால் எங்கள் தறி அவர் காதுக்கு எட்டியிருக்காது. மேடம், அந்த மாலைகளுக்கு நன்றி.

அப்பாவின் பதிலுக்கான பெயரை, மொனாப்சனி (வாங்குபவர் ஒருவரே இருக்கும் சந்தை) என்ற சொல்லையும் அவர்தான் தந்தார். 1933-ல் பொருளியல் அறிஞர் ஜோன் ராபின்சன் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. உழைப்பை வாங்குபவர் ஒருவரே என்றால், இன்னொரு ஆளைச் சேர்க்க அவர் எல்லாருக்கும் கூலியை ஏற்ற வேண்டிவரும். அதனால் கூலியையும் வேலையையும் சேர்த்தே குறைத்து வைப்பார். அப்படிப்பட்ட சந்தையில் கூலிக்கு ஒரு கீழ்வரம்பு வைத்தால் இரண்டுமே கூடலாம். கூலி ஏறினால் வேலை போகும் என்று முதலாம் ஆண்டில் வரைந்த படத்தை நம்பியிருந்த நான் அன்று தூங்கவில்லை. ஆனால் மேடம் விடவில்லை. "நூல் கொடுக்கறவங்க பல பேர் இருக்காங்க. மாற முடியுதான்னு கேட்டுட்டு வா."

மூன்றாம் ஆண்டு ஆய்வறிக்கைக்காக நான் கேட்கப் போனது 2025 மார்ச். மறுபடியும் வேலைநிறுத்தம். அடுப்பெரிய வழி தேடிக்கொண்டிருந்த நேரத்தில் கூலி நோட்டை எடுத்துவந்து திண்ணையில் விரித்தீர்களே, அண்ணன்மார்களே, அதை எப்படி மறப்பேன்? ஆள் மாறினால் பழைய பாக்கி நின்றுபோகும் என்றீர்கள். துணி ரகம் மாறினால் தறியையே மாற்றிக் கட்ட வேண்டும் என்றீர்கள். என் பாடநூலில் இல்லாத இரண்டு காரணங்கள் அவை.

ஊடு நூலைத் தாராகச் சுற்றும் அக்காவுக்குத் தனியாக ஒரு நன்றி. 2023 முதல் இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் மின்சாரம் இலவசம் என்பதைத் தறிக்காரர் வருமானத்தில் அப்படியே சேர்த்திருந்தேன். "தறி ஓடுனாத்தானே கண்ணு அந்தக் கரண்ட்டு?" என்றார். அந்தப் பக்கத்தை முழுக்கத் திருத்தினேன்.

நூல் விலை ஏற்றஇறக்கத்தையும், மகாராஷ்டிரத்து இச்சல்கரஞ்சி, பிவண்டித் துணியோடு போட்டி போடும் கஷ்டத்தையும் ஒரு மணிநேரம் பொறுமையாகச் சொன்ன உற்பத்தியாளர் ஐயாவுக்கும் நன்றி. அவர் பேசியிராவிட்டால் அறிக்கை ஒருபக்கமாகவே போயிருக்கும்.

அப்புறம், இரண்டாம் ஆண்டுக் கட்டணம் கட்ட முடியாமல் நின்றபோது எங்கள் வீட்டுச் சாமி எது என்றுகூடக் கேட்காமல் சலுகைக்கு எழுதிக்கொடுத்த போதகர் ஐயா. மூடும் நேரம் கடந்தும் விளக்கை அணைக்காத நூலக அக்கா. என் ஆங்கிலத்தைத் திருத்திய அறைத்தோழி. உங்கள் எல்லாருக்கும் நன்றி.

அறிக்கையின் தமிழ்ச் சுருக்கம் எங்கள் குடோனில், கூலி நோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. யாருடைய பெயரும் அதில் இல்லை. வந்து பாருங்கள். எந்தக் கணக்காவது தப்பாக இருந்தால் சொல்லுங்கள், திருத்திவிடுகிறேன்.