வெளிப்புறத் திருப்பணி நிறைவு அறிக்கை: கோபுரத்துக்கு முன் வடிகாலைச் செய்தது ஏன்?

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். நம் கோயிலின் வெளிப்புறத் திருப்பணி நல்லபடியாக முடிந்தது. சென்ற பொதுக்கூட்டத்தில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வந்தது. கோபுரத்துக்கு வர்ணம் பூச வேண்டிய காசைக் கொண்டுபோய்க் குழாயிலும் மண்ணிலும் போடுவதா என்று கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். அதனால் என்னென்ன வேலை நடந்தது என்பதோடு, ஏன் இதை முதலில் எடுத்துக்கொண்டோம் என்பதையும் விளக்கமாகச் சொல்கிறோம்.

பின்கட்டில் அன்னதானப் பாத்திரம் கழுவும் இடம் எப்படி இருந்தது என்று எல்லாருக்கும் தெரியும். மேலே கூரை கிடையாது, தரையில் ஒரு சரிவு, ஓரத்தில் ஒரு வடிகால். சாம்பார், எண்ணெய், பாத்திரம் தேய்த்த சோப்பு நீர், மழை பெய்தால் மழைநீர், எல்லாமே அந்த ஒரே வடிகாலில்தான் போயின. கோமுகத்திலிருந்து வரும் பாலும் பஞ்சாமிர்தமும் பிராகாரத்தைச் சுற்றி வந்து அங்கேதான் சேர்ந்தன. பழைய கட்டட அமைப்பு அப்படி.

சிங்கப்பூரில் மழைநீருக்கு ஒரு வழி, கழிவுநீருக்கு வேறு வழி. கழிவுநீர் நிலத்தடிக் குழாய் வழியே சுத்திகரிப்பு ஆலைக்குப் போகிறது, அதில் ஒரு பகுதி மறுபடியும் பயன்படுத்தும் அளவுக்குச் சுத்தமாகி ‘புதுநீர்’ என்ற பெயரில் திரும்பி வருகிறது. மழைநீரோ வடிகால், கால்வாய், ஆறு என்று ஓடி நீர்த்தேக்கத்தில் போய்ச் சேர்கிறது. தீவின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. நம் கோயிலுக்குப் பின்னால் போகும் கால்வாய் காலாங் ஆற்றில் கலக்கிறது, காலாங் ஆறு மரினா நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. அப்படியென்றால் நாம் பாத்திரம் கழுவி விடுகிற எண்ணெய், இந்த ஊர்ச் சமையலறைகளுக்குப் போகிற குடிநீரின் மூலத்தில் போய்ச் சேர்கிறது. சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் படுகையையும் சுத்தம் செய்ய 1977ல் தொடங்கி 1987 வரை பத்து ஆண்டு பிடித்தது. அந்த ஆற்றின் நாற்றம் நம் மூத்த உறுப்பினர்கள் பலருக்கு இன்னும் நினைவிருக்கும். அதற்குப் பிறகுதான் 2008ல் மரினா அணைக்கட்டு வந்து, நகரத்தின் நடுவிலேயே ஒரு நீர்த்தேக்கம் உருவானது. இவ்வளவு பாடுபட்டு மீட்ட தண்ணீரில் நம் கோயிலின் எண்ணெய் போய்க் கலக்கக் கூடாது என்பதில் குழுவில் யாருக்கும் இரண்டாவது கருத்து இல்லை.

இப்போது பாத்திரம் கழுவும் இடத்துக்குக் கூரை போட்டாயிற்று. தரையைச் சுற்றி ஒரு சின்ன வரப்பு கட்டியிருக்கிறோம், வெளி மழை உள்ளே வராது. அங்கிருந்து போகும் தண்ணீர் கொழுப்பைத் தடுக்கும் தொட்டியைத் தாண்டி, கழிவுநீர்க் குழாயில் சேர்கிறது. கூரை எதற்கு, குழாயை மட்டும் மாற்றினால் போதாதா என்று சிலர் கேட்டார்கள். திறந்த வெளியைக் கழிவுநீர்க் குழாயோடு இணைத்தால் கனமழையில் அவ்வளவு மழைநீரும் அதற்குள் புகுந்துவிடும், குழாய் தாங்காமல் கழிவுநீர் வேறெங்காவது பொங்கி வெளியே வரும். அதனால்தான் கூரையுள்ள இடம் கழிவுநீருக்கு, வானம் பார்த்த இடம் மழைநீருக்கு என்று பிரித்து வைத்திருக்கிறார்கள்.

அபிஷேக நீர் விஷயத்தில்தான் குழு அதிக நேரம் பேசியது. அபிஷேக தீர்த்தம் நந்தவனத்துக்குப் போவதுதானே வழக்கம், அதைக் கழிவுநீரோடு விடலாமா என்று பெரியவர்கள் மனம் வருந்திக் கேட்டார்கள். அவர்கள் சொன்னதில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் பாலும் தயிரும் எண்ணெயும் நாள்தோறும் மண்ணில் விழுந்தால் கொழுப்பு மண்ணின் துளைகளை அடைத்துவிடும், வாடை வரும், ஈ மொய்க்கும், செடியும் பட்டுப்போகும். குருக்களோடு கலந்து ஒரு முடிவுக்கு வந்தோம். பால், எண்ணெய் அபிஷேகத் தண்ணீர் சல்லடை வழியாகக் கழிவுநீர்க் குழாய்க்குப் போகும். கடைசியில் செய்கிற சுத்த ஜல அபிஷேகத் தீர்த்தத்தைக் குடத்தில் பிடித்து வில்வத்துக்கும் துளசிக்கும் ஊற்றுகிறோம். எதிர்த்துப் பேசிய பெரியவர்களே இப்போது குடம் தூக்க முதல் ஆளாக நிற்கிறார்கள் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும்.

அடுத்தது முன்வாசல். சாங்கி வானிலை நிலையக் கணக்குப்படி 1991 முதல் 2020 வரை ஆண்டுக்குச் சராசரியாக 2,113 மில்லிமீட்டர் மழை. பெய்தால் ஒரேயடியாகக் கொட்டுகிற மழை இது. அதிலும் ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை சுமத்ரா பக்கமிருந்து விடிகாலையில் அடிக்கிற புயல்மழை சரியாகக் காலைப் பூஜை நேரத்தில்தான் வரும். வாசல் முழுக்க சிமெண்ட் என்பதால் ஒரு சொட்டும் மண்ணுக்குள் இறங்காமல் அத்தனையும் ஒரே நேரத்தில் வடிகாலுக்குப் பாய்ந்தது, வடிகால் நிறைந்து வாசலில் தேங்கியது. 0.2 ஹெக்டேரும் அதற்கு மேலும் உள்ள இடங்களில் புதிதாகக் கட்டுவோரும் மாற்றிக் கட்டுவோரும் மழைநீரை உள்ளேயே கொஞ்ச நேரம் தேக்கி மெதுவாக விட வேண்டும் என்று 2014 முதல் விதி இருக்கிறது. நம் மனை அதைவிடச் சிறியது, நமக்குக் கட்டாயமில்லை. ஆனாலும் செய்தோம். வாசலில் தேங்குகிற தண்ணீருக்கு நம் மனையின் அளவு தெரியாது.

தேர் ஓடும் பாதையை மட்டும் உறுதியான கல்தளமாக விட்டு, மற்ற இடங்களில் இடைவெளி விட்டுக் கல் பதித்திருக்கிறோம். மதிலோரம் பள்ளமாக ஒரு மழைத்தோட்டம் அமைத்தோம். மேலே செடி, அதன் கீழ் மணல் அதிகம் கலந்த மண், அதற்கும் கீழ் சரளைக்கல், அடியில் துளையிட்ட குழாய். வடிகட்டியில் டிக்காஷன் இறங்குவது போல மழைநீர் மெதுவாக வடிந்து, அழுக்கை மண்ணில் விட்டுவிட்டு வடிகாலுக்குப் போகிறது. பீஷான்-அங் மோ கியோ பூங்காவில் சிமெண்ட் கால்வாயாக இருந்த காலாங் ஆற்றை இயற்கை ஆறாக மாற்றி 2012ல் திறந்தார்களே, அங்கே போய்ப் பார்த்த பிறகுதான் செடியும் மண்ணும் இந்த வேலையைச் செய்யும் என்ற நம்பிக்கை எங்களுக்கு வந்தது.

கொசு வராதா என்று கேட்டவர்களுக்கு: ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக வளர ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். மழைத்தோட்டத்தில் தண்ணீர் ஒரு நாளுக்குள் வடிந்துவிட வேண்டும், வடியாவிட்டால் மேல்மண் அடைத்திருக்கிறது என்று அர்த்தம், உடனே கிளறிவிட வேண்டும். உண்மையில் நாம் கவலைப்பட வேண்டியது மூலையில் கிடக்கும் உருளியும் பூந்தொட்டித் தட்டும்தான்.

அரசமரத்தடியில் வேர் வரை மூடியிருந்த சிமெண்டைக் கையாலேயே உடைத்து எடுத்தோம், எந்திரம் விட்டால் வேர் அறுந்துவிடும் என்று மர வல்லுநர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மண் இறுகிப்போனால் வேருக்குக் காற்று கிடைக்காது. ஆகவே மரத்தைச் சுற்றி வருகிறவர்கள் தயவுசெய்து புதிதாகப் போட்ட பலகைப் பாதையிலேயே நடக்க வேண்டும், மரத்தில் ஆணி அடிக்கக் கூடாது. வெளியே இருக்கும் தூங்குமூஞ்சி மரம் தேசியப் பூங்காக் கழகத்தின் பொறுப்பு, அதன் வேரை நாம் தொடவில்லை.

மதிலுக்கு வெளியே நடைபாதையில் சக்கர நாற்காலிக்கான சரிவுப் பாதை கேட்டிருந்தோம். நகர மன்றம் ஒப்புக்கொண்டு அமைத்தும் கொடுத்துவிட்டது. பேருந்து நிறுத்தம் வரை கூரையிட்ட நடைபாதை வேண்டும் என்ற கோரிக்கைக்கு இன்னும் முடிவு வரவில்லை, தூண் போட வேண்டிய இடத்தில் மரத்தின் வேர் போகிறது. மரத்தை வெட்டி நடைபாதை கேட்பதில்லை என்பதில் குழு உறுதியாக இருக்கிறது.

இனிப் பராமரிப்பு. கொழுப்புத் தொட்டியைத் தவறாமல் காலி செய்ய உரிமம் பெற்ற நிறுவனத்தை அமர்த்தியிருக்கிறோம். சல்லடையில் சேரும் பூவையும் இலையையும் அன்றன்றைக்கு எடுக்க, மழைத்தோட்டத்தைக் கவனிக்க, நந்தியாவட்டையும் வெட்சியும் கத்தரிக்கத் தொண்டூழியர்கள் தேவை. ஞாயிறு காலை வர முடிந்தவர்கள் அலுவலகத்தில் பெயர் கொடுங்கள், பிள்ளைகளையும் அழைத்து வரலாம். தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கு ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு முன்பே அறிவிப்புப் பலகையில் இருக்கும், கேள்வி இருந்தால் எழுதிக் கொடுங்கள். கோபுர வர்ணத்துக்கான விலைப்புள்ளிகளையும் அந்தக் கூட்டத்திலேயே உங்கள் முன் வைக்கிறோம்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு